கவாத்துத் தழைக்குக் கேள்வி கிடையாது

திராட்சைக் கொடியை வளர்ப்பது பெரிய வித்தை என்று காமயகவுண்டன்பட்டிக்கு வரும் வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். வளர்ப்பதில் ஒரு வித்தையும் இல்லை. வெட்டிப் போட்டதை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்பதுதான் வித்தை. வருடத்துக்கு இரண்டு தடவை கவாத்து. காய்த்து முடித்த கொடியை மொட்டையடித்தால்தான் அடுத்த துளிர், அடுத்த பூ. என்னுடைய ஒன்றரை ஏக்கர் பந்தலை மொட்டையடித்தால் தழையும் குச்சியுமாக ஐந்தாறு வண்டி விழும். வெட்ட வந்தவர்கள் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மிச்சம் என் தலையில்.

நான் எல்லா வழியும் பார்த்தவன். முதலில் எரித்தேன். பச்சைக் குச்சி லேசில் எரியாது. மூன்று நாள் புகைந்துகொண்டே கிடந்தது. மேற்குத் தோட்டத்துக்காரரின் கொடி அப்போது பூவெடுத்திருந்தது. பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று வரப்பில் நின்று என்னையும் என் ஏழு தலைமுறையையும் கேட்டார். அவர் சம்சாரத்துக்கு இளைப்பு வேறு. மூன்று நாளும் அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு இருமியது என் தோட்டம்வரை கேட்டது. அடுத்த கவாத்துக்கு வாய்க்காலில் தள்ளினேன். தண்ணீர் கொண்டுபோய்விடும் என்று நினைப்பு. கொண்டுதான் போயிற்று, கீழ்மடை வரைக்கும். அங்கே போய் அடைத்துக்கொண்டு, கதிர் பிடிக்கிற நெல் இரண்டு நாள் காய்ந்தது. அந்த வயல்காரர்கள் சேறும் குச்சியுமாக அள்ளி வந்து என் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அதற்கடுத்த தடவை தோட்டத்து மூலையில் குவித்து வைத்தேன். கரையான் பிடித்தது, பாம்பு குடியேறியது.

இப்படி முழி பிதுங்கி நின்றபோதுதான் இருளம்மாள் வந்தாள். எனக்கு முறைக்கு மதினி. புருஷன் செத்துப் பத்து வருடம். ஒன்பது வெள்ளாடு, தழை இழுக்க ஒரு தொரட்டி, கூலி வேலைக்குப் போகும் சுருளி என்ற மகன், இவ்வளவுதான் அவள் குடும்பம்.

"இதுக்கா கொழுந்தனாரே இப்படி முழிக்கிறீக? எம் பிள்ளைகள உள்ள விடுங்க. மூணு நாள்ல வெறும் குச்சிதான் கெடக்கும்" என்றாள்.

சொன்னபடியே ஆயிற்று. தழை ஆட்டு வயிற்றுக்குப் போனது. குச்சியைத் தழை பொறுக்க வந்த பெண்கள் கட்டுக்கட்டாக அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆட்டுப் புழுக்கை கூடை கூடையாக என் தோட்டத்துக்கே திரும்பி வந்தது. புகையும் இல்லை, சண்டையும் இல்லை. மற்ற தோட்டத்துக்காரர்களும் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். எங்கே கத்தரிக்கோல் சத்தம் கேட்கிறதோ அங்கே ஆடு போகும். அவள் வந்து கேட்க வேண்டியதில்லை, நாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 'கவாத்துத் தழைக்குக் கேள்வி கிடையாது' என்று அது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது.

மதினிக்குத் தெரியாத இலை கிடையாது. எந்தத் தழையை எந்த மாதத்தில் ஆடு தின்னலாம், எது பால் சுரக்க வைக்கும், எது வயிற்றை ஊத வைக்கும் என்று மளமளவென்று சொல்வாள். எங்கள் தெருப் பெண்கள் அவள் பறித்துக் கொடுக்கிற கீரையைக் கண்ணை மூடிக்கொண்டு கடைவார்கள். சோளம் அறுத்த காட்டில் மறுபடி துளிர்க்கிற குருத்து ஆட்டுக்கு எமன் என்று ஊருக்கே தெரியும். அந்த மாதங்களில் மற்றவர்கள் ஆட்டைக் கட்டிப்போட்டே வளர்ப்பார்கள். இவள் மட்டும் சோளக்காட்டு ஓரமாகவே ஓட்டிப்போவாள். ஒரு குட்டி வரப்பைத் தாண்டியதில்லை.

அவளுக்குப் பிடிக்காத ஒன்று, நான் மருந்தடிப்பது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால் கூடப் பொறுத்துக்கொள்வாள். அது இலையில் நீலம் பூத்து நிற்கும், கண்ணுக்குத் தெரியும். அதற்கப்புறம் வந்த பூச்சிமருந்துகளைக் கண்டால்தான் ஆகாது. என்னை 'மருந்துக்கடை' என்பாள். நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். அந்தச் சுருக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றைக்குச் சொல்கிறேன்.

எண்பதாம் வருடம் மாசி மாதம். பழம் இறக்கிய பந்தலில் வண்டு கண்டது. அப்படியே விட்டால் பட்டைக்குள் போய்ப் பதுங்கி, வரப்போகிற துளிரைத் தின்றுவிடும். இலையில் இருக்கும்போதே கொன்றுவிடுவோம் என்று புது மருந்து ஒன்று வாங்கி வந்தேன். ஒரு மூடி ஊற்றச் சொன்ன இடத்தில் இரண்டு மூடி ஊற்றினேன். என் வீட்டுக்காரி ஜக்கம்மாதான் தண்ணீர் சுமந்தாள். அது வியாழக்கிழமை. சனிக்கிழமை கவாத்து முடிந்தது. இந்தத் தடவை தழையை ஆட்டுக்கு விடக்கூடாது, எரித்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்ல முடியாது.

தீக்குச்சியோடு போனபோது மேற்குத் தோட்டத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "பூவெடுத்து நிக்கிது வீரபாண்டி. ஒரு வாரம் பொறுய்யா" என்றார். பழைய சண்டை ஞாபகத்துக்கு வந்தது. சரி என்று வண்டிப்பாதை ஓரமாகக் குவித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் மோட்டார் கனெக்சன் விஷயமாகப் பெரியகுளம் போக வேண்டியிருந்தது. டவுன் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மதினி எதிரே வந்தாள். டீக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன கொழுந்தனாரே, வெள்ளையும் சொள்ளையுமா எங்கன கெளம்பிட்டீக? பெரியகுளத்துல புது மருந்து ஏதும் வந்திருக்கோ?" என்றாள்.

கடையே சிரித்தது. அந்தத் தழையில் மருந்து இருக்கிறது மதினி, பக்கத்தில் போகாதீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இன்னும் சிரிப்பார்கள். 'வெட்டிப் போடப்போற இலைக்கு மருந்தடிச்ச மகராசன் இவருதான்' என்று இன்னும் ஆறு மாதத்துக்கு அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிவாள். ஒருவேளை இன்றைக்கு மலைப்பக்கம் ஓட்டிப்போவாள், சாயங்காலம் வந்து தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

சாயங்காலம் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. வண்டிப்பாதையில் கூட்டம். ஆறு ஆடு வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. ஏழாவதன் கால் இழுத்துக்கொண்டிருந்தது. புளியைக் கரைத்து அதன் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கண் முன்னால் அதுவும் அடங்கியது. பின்தங்கி நின்ற இரண்டு குட்டிகள் மட்டும் மிச்சம். பாதைக்கு அந்தப் பக்கம் சோளக்காடு, அறுத்த தாளில் குருத்து விட்டு முழங்கால் உயரம் நின்றது. இந்தப் பக்கம் என் குவியல். பாதைப் பக்கமாக அதில் ஓர் இலை இல்லை.

ஊர் மொத்தமும் சோளக்காட்டைத்தான் பார்த்தது. எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

"நான் அந்தப் பக்கம் விடவே இல்லையே. குறுக்கால நின்னேனே. இந்தா, இந்த எடத்துலதான நின்னேன்" என்று மதினி தரையைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

"கஞ்சி குடிச்சிட்டுக் கண்ணசந்திருப்ப" என்றான் சுருளி.

"அசரலடா."

"அப்ப சோளக்குருத்து அதுவா நடந்து வந்து இதுக வாயில விழுந்துச்சா?"

அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

அதற்குள் யாரோ கத்தி கொண்டுவந்துவிட்டார்கள். சூடு ஆறுவதற்குள் அறுத்தால் கறியாவது மிஞ்சும் என்று சுருளி முதல் ஆட்டின் காலைப் பிடித்தான். ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கினேன். "ஏலே, சோள விஷம் கறியில ஏறியிருக்கும். பிள்ளைகுட்டிகளுக்குக் கொடுத்துத் தொலைக்காதீக. பொதச்சிருவோம்" என்று கத்தினேன். சோள விஷம் என்று வாய் கூசாமல் சொன்னேன். விவரம் தெரிந்த மனுசன், நல்ல நேரத்தில் வந்து தடுத்தான் என்று பேசிக்கொண்டார்கள். மண்வெட்டி வாங்கிக் குழியும் நானே வெட்டினேன். ஆள் உயரத்துக்கு வெட்டினேன். ஆடுகளைப் போட்ட பிறகு, என் குவியலில் மிச்சமிருந்த தழையையும் குச்சியையும் ஒன்று விடாமல் அள்ளிப் போட்டு மூடினேன். "நாயி நரி தோண்டாம இருக்கும்" என்றேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

மதினி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒங்க கையாலயாவது நல்லபடியாப் போச்சுக" என்றாள்.

மறுநாள் காலையில் சோற்றை வைத்துவிட்டு ஜக்கம்மா எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் உட்காரமாட்டாள்.

"மருந்துக்குத் தண்ணி செமந்தவ நான். எனக்கும் அதுல பங்கு உண்டு. ஆனா சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றாள்.

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம், ஆத்திரத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு வாரம் தள்ளினேன். ஆத்திரம் அடங்கியபின், அடங்கிவிட்டதே இனி எதற்குக் கிளறுவது என்று தள்ளினேன். மனசாட்சிக்கு லஞ்சம் கொடுக்கிற மாதிரி, சின்னமனூர்ச் சந்தையில் இரண்டு சினையாடு பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆட்டைக் கண்டதும் அவள் பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"வேணாம் கொழுந்தனாரே. எங்கிட்டக் குடுக்காதீக. நான் கொன்னுருவேன்" என்றாள்.

சுருளி மிச்சமிருந்த இரண்டு குட்டிகளையும் விற்றுவிட்டான். தொரட்டியை ஓட்டு இடுக்கில் செருகிவிட்டான். அவளைக் களை எடுக்கிற கூட்டத்தோடு சேர்த்துவிட்டான். அந்தக் கூட்டம் எங்கெல்லாமோ போகும், என் தோட்டத்துக்கும் வரும். மற்ற பெண்கள் கேலி பேசினார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, வாய் சும்மா இருக்காத கேலிதான். 'சோளம் எது கம்பு எதுன்னு பார்த்து நட மதினி' என்பார்கள். முதல் மாதம் அவள் சண்டை போட்டாள். நான் தூங்கவில்லை என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். இரண்டாவது மாதம் சண்டை நின்றது. "அசந்துட்டேன் போலருக்கு. வயசாகுதுல்ல" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு அந்தச் சண்டை எவ்வளவோ தேவலையாக இருந்தது. அதற்கப்புறம் நடந்ததை ஜக்கம்மா வந்து வந்து சொல்வாள், நான் கேட்க வேண்டும் என்றே சொல்வாள். மதினி கீரை பறித்தால் இப்போது தெருவில் இரண்டு பேரிடம் காட்டிக் கேட்கிறாளாம், இது கீரைதானா என்று. உலை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறாளாம். மகன் சோற்றில் கை வைக்குமுன் தான் ஒரு வாய் தின்று பார்க்கிறாளாம். ஒருநாள் என் தோட்டத்திலேயே பார்த்தேன். வரப்பில் முளைத்திருந்த குப்பைமேனியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து மிதித்து நடக்கிற செடி அது. பக்கத்தில் இருந்தவளிடம், "மலையம்மா, இது குப்பைமேனிதான?" என்று கேட்டாள். அவள் கண்ணில் உண்மையாகவே சந்தேகம் இருந்தது.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கும் மடை மாற்றப் போவதுபோல எழுந்து போய்விட்டேன். மனுசனுக்கு இவ்வளவு கோழைத்தனம் எங்கிருந்துதான் வருமோ!

ஆவணியில் அடுத்த கவாத்து. பூச்சிமருந்து பக்கமே நான் போகவில்லை. வண்டு தின்றது போக மிச்சம் காய்த்தால் போதும் என்று விட்டுவிட்டேன். ஆறு ஆண்கள் வெட்ட, ஐந்து பெண்கள் தழை பொறுக்கினார்கள். மதினியும் இருந்தாள். வெட்டுகிற ஆட்களில் சுருளியும் ஒருவன். குவியல் பாதை ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. யார் வீட்டுக் குட்டியோ ஒன்று, கத்தரிக்கோல் சத்தம் கேட்டு வேலிச் சந்தில் நுழைந்து வந்து தழையில் வாய் வைத்தது.

மதினி கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். குட்டியை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். வாய்க்குள் விரலை விட்டுத் தழையைத் தோண்டி எடுத்தாள். அது கத்தியது. அவளுக்கு மூச்சு வாங்கியது. குட்டியோடு நேராக என்னிடம் வந்தாள்.

"கொழுந்தனாரே, இது திராட்சத் தழைதான? தின்னா ஒண்ணும் செய்யாதுல்ல? எனக்குப் பிடிபடல. நீங்க சொல்லுங்க, நீங்க சொன்னாச் சரியா இருக்கும்" என்றாள்.

என்னிடம் கேட்டாள். ஊரில் இத்தனை பேர் இருக்க, என்னிடம் வந்து கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாது மதினி" என்றேன். "இந்தத் தழை ஒண்ணும் செய்யாது. மாசியில போட்ட தழைதான் கொன்னுச்சு. அதுல மருந்து இருந்துச்சு. ரெண்டு மூடி ஊத்தி அடிச்சேன். ஒங்க ஆடு சோளத்துல வாய் வைக்கல. என் தழையத்தான் தின்னுச்சு."

கத்தரிக்கோல்கள் ஒவ்வொன்றாக நின்றன. சுருளி பந்தலுக்குக் கீழிருந்து வெளியே வந்தான். அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

மதினி குட்டியைக் கீழே விட்டாள். "எப்பத் தெரியும் ஒங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பஸ்ஸுக்கு நிக்கும்போதே தெரியும். நீங்க எல்லார் முன்னாலயும் சிரிச்சீக. சொன்னா இன்னும் சிரிப்பீகன்னு..." அதைச் சொல்லிக் கேட்கும்போதுதான் அது எவ்வளவு அற்பமான காரணம் என்று எனக்கே உறைத்தது. ஏழு ஆடும், ஒருத்தியின் ஆறு மாதமும், டீக்கடைச் சிரிப்புக்குப் பயந்து போயிருக்கின்றன.

"ஆட்டுக்கு ஆடு தாரேன். ஊர்க் கூட்டத்துல வந்து சொல்றேன். என்ன தண்டம் போட்டாலும்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் அதைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி மகனைப் பார்த்தாள். செத்த ஆடுகளுக்கு முன்னால் நின்றபோதுகூட அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அழுதாள். முகத்தை மூடாமல், நின்ற வாக்கில் அழுதாள்.

"ஏலே சுருளி, நான் அசரலடா" என்றாள். "கேட்டியா? நான் தூங்கலடா."

சுருளி தலையைக் குனிந்துகொண்டான். அவன் என் பக்கம் வரவே இல்லை. அம்மாவின் கையைப் பிடிக்கப் போனான், அவள் கொடுக்கவில்லை. மலையம்மாளிடம் போய், "நான் தூங்கலத்தா" என்றாள். பிறகு அடுத்தவளிடம் போய்ச் சொன்னாள். நாலு பேரிடமும் சொல்லிவிட்டு, கூலி வாங்காமல், வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தாள். குட்டி தழைக்கே திரும்பி வந்து தின்றுகொண்டிருந்தது. அதைத் துரத்துவதற்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது எல்லாருக்கும் தெரிந்திருக்கும், வாசலில் கூட்டம் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். கூட்டம் இல்லை. ஜக்கம்மா மட்டும் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"மதினி தெருவுல ஒரு வீடு விடாமப் போனாக. நம்ம வீட்டுக்கும் வந்தாக" என்றாள். "ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, நான் அன்னைக்குத் தூங்கலன்னு சொன்னாக. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. அப்ப எதுனால செத்துச்சுன்னு கேட்டவுகளுக்குக்கூட, எங்கயும் ஒங்க பேர அவுக எடுக்கல."